ஒன்பதரைக்குப் பிறகு கூப்பிடலாம்

மகளே நஸ்ரின், ஸலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் நீ தொலைபேசியில் கூப்பிட்டு, "அத்தா, எனக்குப் பள்ளிக்கூடம் கெடச்சிருச்சு, ஜனவரிலேர்ந்து நான் பிரின்சிபல்" என்று சொன்னாய். நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். மனம் நிறைந்துதான் சொன்னேன். அடுத்து எந்தப் பள்ளி என்று சொன்னாய். பொங்கோலில் இருக்கும் அந்தப் பள்ளியின் பெயரைக் கேட்டதும் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டேன். "அத்தா, லைன்ல இருக்கீங்களா?" என்று நீ இரண்டு முறை கேட்டது காதில் விழுந்தது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "உங்க அத்தாவுக்குச் சந்தோஷத்துல வயித்தக் கலக்கிருச்சு போல" என்று அம்மா உன்னிடம் சொல்லிச் சிரித்தாள்.  காரணம் மட்டும் வேறு.

உனக்கு வாழ்த்துச் சொல்லாதது உன்னைப் புண்படுத்தியிருக்கும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: வாழ்த்துகள், மகளே. நீ நல்ல முதல்வராக இருப்பாய். என்னைவிட நல்லவராக இருப்பாய் என்பது பெரிய பாராட்டு ஒன்றும் இல்லை, இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது அது உனக்கே தெரிந்துவிடும். நீ போகப்போகும் பள்ளியின் அலுவலகத்தில்தான் ஃபிலோமினா இப்போது வேலை பார்க்கிறார், உன் ஃபிலோ ஆன்ட்டி. உட்லண்ட்ஸில் நான் முதல்வராக இருந்த பள்ளியில் என் அறைக்கு வெளியே பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர். நான் அவருக்கு ஒரு துரோகம் செய்தேன். ஜனவரியில் நீ உள்ளே போனதும் அவர் எழுந்து நின்று உனக்கு வணக்கம் சொல்வார். நீ யாருடைய மகள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயால் நீ தெரிந்துகொள்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். அவர் சொல்லாமலே இருந்துவிட்டால்? அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நான் முதல்வரான காலத்தில் என் மேசையில் ஒரு தொலைபேசி இருந்தது. அடித்தால் எடுப்பேன், அடிக்காவிட்டால் வகுப்புகளைச் சுற்றிப் பார்க்கப் போவேன். பெற்றோருக்குப் பேச வேண்டுமென்றால் நேரில் வருவார்கள், வருவதற்குள் பாதிக் கோபம் பேருந்திலேயே இறங்கிப் போயிருக்கும். நான் ஓய்வு பெறும்போது என் கையில் இரண்டு கைப்பேசிகள் இருந்தன. மின்னஞ்சல் தனி, பெற்றோர் செயலி தனி, வாட்ஸ்அப் குழுக்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. சமையலறையில் கடலைக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் நான் பார்க்க வேண்டும். கொசு வளரும் வாளியை நான் பார்க்க வேண்டும். பிரசவ விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதில் ஆள் நான் தேட வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இணையத்தில் ஒருத்தியைப் பற்றிக் கன்னாபின்னாவென்று எழுதினால், அது ஞாயிற்றுக்கிழமையே நடந்திருந்தாலும், திங்கட்கிழமை காலை என் வாசலில் இரண்டு குடும்பங்கள் நிற்கும். ஆசிரியர்கள் என் அறைக்குள் வந்து அழுவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே மணியைப் பார்ப்பேன், அடுத்து கூரை வேலைக்காரர் காத்திருப்பார். ஒவ்வொன்றும் முக்கியமான வேலைதான், எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒன்று வந்தால் இன்னொன்று போக வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பயிற்சிக்கு அனுப்பினார்கள். பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். கற்றுக்கொண்டேன். எனக்கு அது பிடித்துப் போயிற்று. "ஃபிலோ, இத நீங்க பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வேலை என் மேசையிலிருந்து காணாமல் போகும். எங்கே போயிற்று என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. அது அவர் மேசையில் போய் உட்கார்ந்திருக்கும். ஐந்து மணிக்கு நான் கிளம்பும்போதும் அவர் அங்கேயே இருப்பார். "நீங்க போங்க சார், நான் முடிச்சிட்டுப் போறேன் லா" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடல் குழுவில் பாடுகிறவர், திங்கட்கிழமை தொண்டை கட்டிப்போய் வந்தாலும் நூறு பெற்றோருக்குப் பதில் சொல்வார்.

எங்கள் பள்ளியில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எல்லைப் பாலத்தைத் தாண்டி ஜொகூரிலிருந்து வந்தார்கள். நாங்கள் அவர்களைப் பாலத்துப் பிள்ளைகள் என்போம். விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து, வேனில் ஏறி, சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, சீருடைச் சட்டையில் தூக்கத்தின் சுருக்கத்தோடு இறங்குவார்கள். பாலத்தில் நெரிசல் என்றால் எட்டரை ஆகும், ஒன்பதும் ஆகும். பள்ளி விதி என்னவென்றால், முதல் பாடவேளையில் ஒரு பிள்ளை இல்லையென்றால் அலுவலகம் உடனே வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். ஃபிலோ தினமும் பத்து, பன்னிரண்டு வீடுகளுக்குக் கூப்பிடுவார். பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள், எடுத்தவர்கள் எரிந்து விழுவார்கள். ஒருநாள் ஒரு தாய் என் அறைக்கே வந்துவிட்டார். "சார், நாங்க பாலத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறோம். புள்ள கூடத்தான் இருக்கு. டெய்லி போன் அடிச்சு உயிர வாங்குறீங்க" என்றார். அவர் போன பிறகு நான் வெளியே வந்து ஃபிலோவிடம் சொன்னேன்: "பாலத்துப் பிள்ளைங்களுக்கு இனிமே உடனே கூப்பிட வேணாம். ஒன்பதரைக்குப் பிறகு கூப்பிடலாம்."

"எழுதிக் குடுத்துருங்க சார், ஃபைல்ல போட்டு வச்சிக்கிறேன்" என்றார் அவர்.

"எதுக்கு எழுதிக்கிட்டு? நான்தான் சொல்றேன்ல" என்றேன்.

நஸ்ரின், ஏன் எழுதவில்லை தெரியுமா? நேரமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எழுதினால் அது விதிக்கு மாறான விதி என்பது கண்ணுக்குத் தெரியும். மேலிடத்துக்குத் தெரிந்தால் விளக்கம் கேட்பார்கள், விளக்கம் எழுத இன்னொரு மாலை போகும். வாயால் சொன்னால் காரியமும் நடக்கும், கேள்வியும் வராது. எல்லோருக்கும் சந்தோஷம். பெற்றோரின் திட்டு நின்றது, ஃபிலோவுக்கு ஒரு மணி நேர வேலை மிச்சம். நான் பெரிய மனசுக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

இப்படி ஓர் ஆண்டு ஓடியது. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. பாலத்தில் அன்று நெரிசலே இல்லை. வேன் நேரத்துக்கு முன்பே வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. நான் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்புப் புகைப்படத்தில் தன் மகளின் முகத்தை இன்னொரு பிள்ளையின் தலை பாதி மறைத்துவிட்டது என்று ஒரு தந்தை மிக நீளமாக எழுதியிருந்தார். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி போட்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டு, பணிவாகவும் இருக்க வேண்டும், தவறை ஒப்புக்கொண்டது போலவும் இருக்கக் கூடாது என்று நான் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். எட்டு மணி இருக்கும், கதவருகே ஃபிலோ வந்து நின்றார். தொடக்கநிலை இரண்டில் படிக்கும் ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னார்.

"சார், அந்தப் புள்ள இன்னும் வரல. அதே வேன்ல வர்ற மத்த புள்ளைங்கல்லாம் வந்துட்டாங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. அம்மாவக் கூப்பிடவா?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாலத்துப் பிள்ளைதானே? ஒன்பதரைக்குப் பிறகு கூப்பிடலாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அவருடைய நிழல் என் மேசைக் கண்ணாடியில் விழுந்திருந்ததால் அது எனக்குத் தெரியும். பிறகு போய்விட்டார். அந்த வேனில் வந்த மற்றவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அவர் சொன்னதை என் காது வாங்கியது, மண்டை வாங்கவில்லை. நெரிசல் இல்லாத நாளில், வந்துவிட்ட வேனில் வரவேண்டிய பிள்ளை எங்கே என்று முதல் வகுப்புப் படிக்கும் குழந்தைகூடக் கேட்கும். நான் கேட்கவில்லை.

ஒன்பதரைக்கு ஃபிலோ கூப்பிட்டார். சரியாக ஒன்பதரைக்கு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். பிள்ளை வேனில் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகத் தாய் சொன்னார். உடனே ஃபிலோ வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டார். வேனில் உதவிக்கு வரும் பெண் அன்று விடுப்பு. ஓட்டுநர் திறந்தவெளி வாகன நிறுத்துமிடம் ஒன்றில் வேனை நிறுத்திப் பூட்டிவிட்டுக் கோப்பிக்கடையில் இருந்தார். பிள்ளை கடைசி இருக்கையில் படுத்துத் தூங்கிப் போயிருந்தாள். எட்டு வயது. நான்கு மணிக்கு எழுந்த பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? விழித்துப் பார்த்தபோது வண்டியில் யாரும் இல்லை, கதவும் திறக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஓடிப்போய்த் திறந்தபோது அவள் சட்டை பிழிந்து போட்டது போல நனைந்திருந்ததாம், கண் செருகியிருந்ததாம், அழுவதற்குக்கூடத் தெம்பில்லையாம்.

பிழைத்துவிட்டாள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், உன்னைப் பதற வைத்துவிட்டேன். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து வீடு திரும்பினாள். இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஆனால் இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அதை உனக்கு எழுத மாட்டேன். இன்றைக்கும் ஆங் மோ கியோவில் வீட்டுப் பக்கம் நடக்கும்போது வெயிலில் நிற்கும் வேன் எதைக் கண்டாலும் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்க்கிறேன். போன மாதம் ஒருவர் என்னைத் திருடன் என்று நினைத்துச் சத்தம் போட்டார். காலை நடைக்கு ஏன் என்னோடு வர மாட்டேன் என்கிறீர்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் தனியாகப் போகிறேன்.

மருத்துவமனையில் அந்தப் பிள்ளையின் தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார், உங்க ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டதாலதான் எம்புள்ள பொழச்சா. நல்லாருப்பீங்க சார்" என்று அழுதார். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். தலையை ஆட்டி, பொறுமையாக இருங்கள் என்று ஆறுதல்கூடச் சொன்னேன். எட்டு மணிக்கே கூப்பிடக் கேட்டவர் என் பின்னால் பழக்கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.

பிறகு மேலிடத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். என் அலுவலக அறையில்தான் நடந்தது. விதிப்படி உடனே கூப்பிட்டிருக்க வேண்டுமே, ஏன் ஒன்பதரை வரை கூப்பிடவில்லை, அப்படிச் செய்யச் சொன்னது யார் என்று ஃபிலோவிடம் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. நான் என் முன்னால் இருந்த தாளைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "பாலத்துப் புள்ளைங்களுக்கு ஆபீஸ்ல அப்படித்தான் பண்றோம் சார்" என்றார் அவர். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்கள். அலுவலக நடைமுறைகள் அனைத்தையும் உடனடியாக மறுஆய்வு செய்வதாக நான் சொன்னேன். நல்ல உச்சரிப்போடு, முழு வாக்கியமாகச் சொன்னேன். முதல்வராக இருந்த காலத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரே மொழி அது.

அவர்கள் போன பிறகு ஃபிலோ என் அறைக்கு வந்து கோப்பைகளை எடுத்து அடுக்கினார். கதவு வரை போய்த் திரும்பி, "நான் சொல்லல சார். நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவருடைய பணிக் கோப்பில் ஏறியது. அந்த ஆண்டு வரவேண்டியிருந்த பதவி உயர்வு நின்றுபோனது. அடுத்த ஆண்டு கிருமித்தொற்று வந்தது. வீட்டிலிருந்து கற்றல், காய்ச்சல் சோதனை, நாற்காலிகளுக்கு நடுவே இடைவெளி என்று எல்லோருக்கும் மூச்சுவிட நேரமில்லாமல் போனது. அந்தச் சந்தடியில் நான் என் வாயைத் திறக்காததை எனக்கே மறக்கடித்துக்கொண்டேன். தொற்று தணிந்ததும் அவரைப் பொங்கோலுக்கு மாற்றினார்கள். உட்லண்ட்ஸில் வீடு, பொங்கோலில் வேலை, போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாறுதலைப் பற்றி எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். என் ஓய்வு விழாவுக்கு நீதான் சமூக மன்றத்தில் இடம் பிடித்து, பிரியாணிக்குச் சொல்லி, எல்லோரையும் அழைத்தாய். "ஃபிலோ ஆன்ட்டி ஏன் வரல அத்தா?" என்று கேட்டாய். தூரம் என்றேன்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ வியாழக்கிழமை பள்ளியின் பெயரைச் சொன்னதால் மட்டும் இதை எழுதவில்லை. போன பெருநாளன்று நீ எங்கள் வீட்டுச் சமையலறை ஓரத்தில் நின்று முக்கால் மணி நேரம் ஒரு பெற்றோருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாய். உன் மகன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மம்மி, சாப்புடலாமா?" என்று மூன்று முறை கேட்டான். நீ "ம்" என்றாய், தலையைத் தூக்கவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னாய்: "எங்க ஆபீஸ்ல ஜாஸ்மின் இருக்கா அத்தா, தங்கம். எதையும் எழுதிக் குடுக்க வேணாம், வாயால சொன்னாப் போதும், பாத்துக்குவா." எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அன்று நான் உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பெருநாளில் எதற்கு என்று விட்டுவிட்டேன். விட்டுவிடுவது எனக்குக் கைவந்த கலை.

ஆகவே இப்போது சொல்கிறேன், அறிவுரை என்று எடுத்துக்கொள்ளாதே, பயந்தவன் ஒருவன் கத்துகிறான் என்று எடுத்துக்கொள். நீ சொல்வது எதுவாக இருந்தாலும் எழுதிக் கீழே உன் பெயரைப் போட்டுக் கொடு. எழுத உனக்குக் கூச்சமாக இருந்தால் அந்தக் காரியமே வேண்டாம். கதவருகே யாராவது வந்து நின்றால் திரையிலிருந்து முகத்தை எடு. நாடாளுமன்ற உறுப்பினருக்குப் போகிற பதில் பத்து நிமிடம் பொறுக்கும். முடியாத வேலையை முடியாது என்று மேலே சொல், கீழே தள்ளாதே. மேலே சொன்னால் உன்னைத் திறமை இல்லாதவள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நான் அப்படி ஒரு பெயர் வாங்கப் பயந்துதான் ஒரு பிள்ளையை வெயிலில் விட்டேன். உன்னால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, கண்ணு. யாராலும் முடியாது. ஆனால் உனக்காக வேறு யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் வாயைத் திறந்து ஒன்று சொன்னால், அன்றைக்கு உன் காது வேலை செய்ய வேண்டும்.

திங்கட்கிழமை காலை நான் பொங்கோலுக்குப் போனேன். ஃபிலோவைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுதான் திட்டம். பள்ளிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பள்ளி வேன்கள் ஒவ்வொன்றாக வந்து பிள்ளைகளை இறக்கின. அலுவலகத்திலிருந்து ஃபிலோ இறங்கி வந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார், இடது முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். முதல் வேனில் பிள்ளைகள் எல்லோரும் இறங்கியதும் அவர் அதில் ஏறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே கடைசி வரை போனார். இறங்கிவந்து ஓட்டுநரிடம் கையசைத்தார், வண்டி கிளம்பியது. பிறகு அடுத்த வேன், அதற்கடுத்த வேன். ஆறு வேன்கள், ஆறு முறை படி ஏறினார். அலுவலக எழுத்தருக்கு அது வேலையே இல்லை. ஒரு ஓட்டுநர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாலையைக் கடந்து போக இருபது அடி இருக்கும். நான் எழுந்தேன். அவர் ஆறாவது வேனிலிருந்து இறங்கி இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் பேருந்து எண்கள் எழுதிய பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அறுபத்தேழு வயதில், நாலு பேர் பார்க்க, ஒளிந்துகொண்டேன். அடுத்து வந்த பேருந்தில் எண்ணைக்கூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு ஆண்டுகளில் முதல் முறை. அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "இப்ப என்னங்க பண்ணப் போறீங்க?" என்றாள். மேலிடத்துக்கு எழுதப்போகிறேன் என்றேன். அந்த ஒன்பதரை மணி விதி என்னுடையது, நான்தான் வாயால் சொன்னேன், அன்று எட்டு மணிக்கே அவர் கேட்டார், நான்தான் தடுத்தேன், அவருடைய கோப்பிலிருந்து அந்த எச்சரிக்கையை எடுங்கள் என்று எழுதி, அதன் பிரதியை ஃபிலோவுக்கும் அனுப்பப்போகிறேன் என்றேன்.

"நஸ்ரின்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? ஜனவரில அவதானே அங்க போய் உக்காரணும். பிரின்சிபலோட அத்தா இப்படின்னு மொத நாளே பேசுவாங்களே" என்றாள் அம்மா. அவள் கேட்டது நியாயம். இரண்டு நாள் அதையேதான் யோசித்தேன். உன்னைக் கூப்பிட்டு, "அனுப்பட்டுமா வேண்டாமா, நீயே சொல்" என்று கேட்க எண்ணைக்கூட அழுத்தினேன். அழுத்திய விரலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இதையும் எடுத்து இன்னொருத்தி மேசையில் வைக்கப் பார்க்கிறேன். நீ வேண்டாம் என்றால் ஏழு ஆண்டுகளாக நான் செய்த பாவத்தில் உனக்கும் பங்கு வந்துவிடும். வேண்டும் என்றால் உன் முதல் நாளை நீயே கெடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் கேட்கவில்லை. உன்மேல் ஏதாவது சேறு விழுந்தால் அது நான் எறிந்தது. என்மேல் கோபப்படு. அம்மாவிடம் கோபப்படாதே.

இன்று காலை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு தபால் பெட்டியில் இரண்டு உறைகளையும் போட்டேன். மேலிடத்துக்கு ஒன்று, ஃபிலோவுக்கு ஒன்று. உன்னுடையதைத் தபாலில் போடவில்லை. உறையை ஒட்டாமல் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன், யார் படித்தாலும் படிக்கட்டும். அந்த இரண்டும் உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் என்ன செய்தேன் தெரியுமா, நஸ்ரின்? பொய் சொல்லவில்லை, பெட்டியின் வாய்க்குள் கையை விட்டேன். திரும்ப எடுத்துவிடலாம், ஜனவரி கழியட்டும், உன் வேலை ஒரு நிலைக்கு வரட்டும் என்று என்னென்னவோ மனசுக்குள் ஓடியது. கை மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. பின்னால் கடிதத்தோடு நின்றிருந்த ஒரு பெண், "அங்கிள், ஏதாச்சும் தவறி விழுந்துருச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றேன். "போட்டாச்சு."

உன் அத்தா